பின்பாதி சொல்ல ஓர் ஆள்

என் அப்பா ஜெபமாலை சொல்லும்போது ஒவ்வொரு மணிக்கும் பாதியில் நிறுத்திவிடுவார். மறதி இல்லை, எங்கள் வழக்கமே அப்படித்தான். ஒருவர் மாதாவை வாழ்த்தும் முன்பாதியைச் சொல்லி நிறுத்த வேண்டும். மற்றவர்கள் "தூய மரியே" என்று பிடித்துக்கொண்டு பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். அடுத்த மணிக்கு மறுபடி முன்பாதி, மறுபடி பின்பாதி. கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளுக்கு நடை பழகுவதற்கு முன்பே இந்தப் போக்குவரத்து காதுக்குப் பழகிவிடும். எங்கள் வீட்டில் முன்பாதி அப்பாவுடையது, பின்பாதி அம்மாவுடையது. ஒரே பிள்ளையான நான் அம்மா கட்சி.

அம்மா காவிரிக்கு அந்தப் பக்கம் கன்னடம் பேசும் ஊரில் பிறந்து, கடத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தமிழ் ஜெபங்களை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டாள். எல்லாம் சுத்தமாக வந்தது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. பின்பாதியில் "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்று வரும் இடத்தில் அம்மா "ஈகலும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்பாள். இப்பொழுது என்பதற்குக் கன்னடத்தில் ஈக. அம்மா அதற்கு ஒரு தமிழ் வாலை ஒட்டிவைத்திருந்தாள். ஒரு பங்குச் சாமியார் கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் அதைத் திருத்தினார். "சரிங்க சாமி" என்று பணிவாகத் தலையாட்டிவிட்டு அடுத்த மணிக்கே ஈகலும் என்றாள். அவளைக் கேட்டு வளர்ந்த நானும் அப்படியே சொல்லி, பள்ளிக்கூடத்தில் சிஸ்டரிடம் தலையில் கொட்டு வாங்கியிருக்கிறேன். கொட்டு வாங்கியதும் எனக்கு வாய் திருந்திவிட்டது. அம்மாவுக்குக் கொட்ட ஆள் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு, மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அம்மா ஜெபமாலையின் நடுவிலேயே இறந்துபோனாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். பதில் வரவில்லை. நாளெல்லாம் காட்டில் மரவள்ளிக்கு மண் அணைத்துவிட்டு வந்த களைப்பு, கண் அசந்துவிட்டாள் என்று அவர் நினைத்திருக்கிறார். எழுப்ப மனம் வராமல் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அடுத்த மணிக்குப் போனார். அதற்கும் பதில் இல்லை. அப்படியே மாலையை முடித்துவிட்டு, சாப்பிடக் கூப்பிடப் போய் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. எந்த மணியில் அம்மா போனாள் என்று அவருக்குத் தெரியாது. அதுதான் அவரை அரித்தது.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே அப்பா மாலையை எடுத்தார். முன்பாதியைச் சொன்னார், நிறுத்தினார், அம்மா சொல்லி முடிக்கிற அளவுக்குக் காத்திருந்தார், அடுத்ததைத் தொடங்கினார். அந்தக் காலி இடத்தின் அளவு அப்படியே அம்மாவின் அளவாக இருந்தது. அவள் மூச்சிழுக்கும் இடம்கூட அதற்குள் இருந்தது.

"பின்பாதியும் நீங்களே சொல்லிட வேண்டியதுதானேப்பா?" என்று கேட்டேன்.

"அது அவ பாதி பாப்பா. அத நான் எப்படி எடுத்துக்கறது?" என்றார். பங்காளி நிலத்தில் ஏர் ஓட்டச் சொன்னதுபோல் முகம் சுருங்கியது.

நீயாவது சொல்லேன் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்ல மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே நான் கோயிலை விட்டு நின்றுவிட்டேன். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மாதா தேர் முதலில் எந்தத் தெருவுக்குப் போவது என்று திருவிழாவில் சண்டை வந்தது. இரண்டு பக்கமும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். கொடிமரத்தடியில் ஒருவருக்குச் சட்டை கிழிந்தது, இன்னொருவருக்கு உதடு கிழிந்தது. மாதா மேலே விளக்கு மாலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தால் சட்டென்று இறங்காது. கும்பிடுவதற்குக் கும்பல் எதற்கு என்று கேட்டுவிட்டு அன்றோடு நின்றேன். கடவுள் இருந்தால் நல்லம்பள்ளியில் என் வாடகை வீட்டுச் சமையலறையிலும் இருப்பார். அவரைப் பார்க்கப் பங்குக் கோயிலும் சபையும் சந்தாவும் வேண்டியதில்லை. கணக்கு டீச்சர் என்பதால் இதை நன்றாக நிறுவிக் காட்டவும் முடிந்தது. கல்யாணம் ஆகாததால் மறுத்துப் பேச வீட்டில் ஆளும் இல்லை.

அப்பா மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு முறை, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"தனியா கும்புட்டா தப்பொண்ணும் இல்ல பாப்பா. மூச்சு வாங்கும், அவ்ளோதான். நாலு பேரு இருந்தா, அவங்க சொல்றப்ப நாம மூச்சு வுட்டுக்கலாம்."

திருச்சபை எதற்கு என்ற கேள்விக்கு இவ்வளவுதான் அவர் பதில். கடவுளை மூச்சிரைப்புக்கு மருந்தாக்கிவிட்டாரே என்று அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

போன வருடம் கோடையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. தர்மபுரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இனித் தனியாக இருக்கவிட வேண்டாம் என்றார். நல்லம்பள்ளிக்கு வரச் சொன்னேன். "அங்க வந்து நான் என்ன பண்ண, செவுத்தப் பாத்துக்கிட்டு?" என்றார். ஆகவே விடுமுறைக்கு நானே போய் உட்கார்ந்தேன். போகும்போது தர்மபுரியில் காது மிஷின் ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன். அப்பாவுக்குக் காது போய் வெகுநாளாகியிருந்தது. பேருந்து பின்னால் வந்து ஹாரன் அடித்தாலும் நடுரோட்டில் மகாராஜா போல நடப்பார். மிஷினை மாட்டியதும் முதல் நாள் முழுக்கக் குறைதான் சொன்னார். கரண்டி விழுந்தால் இடி இடிக்கிறதாம். நான் காபி உறிஞ்சுவது மோட்டார் ஓடுவதுபோல் இருக்கிறதாம்.

அன்று சாயங்காலம் அவர் மாலை சொல்லத் தொடங்கினார். நான் முன்பக்கம் சமையலறையில் இருந்தேன். வழக்கம்போல் நிறுத்தினார், காத்திருந்தார். அப்புறம் அடுத்த முன்பாதி வரவே இல்லை. எட்டிப் பார்த்தேன். கையில் மணியைப் பிடித்தபடி வாய் திறந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு வலிதான் என்று ஓடினேன்.

"பாப்பா," என்றார் மெதுவாக. "உங்கம்மா இன்னும் போவல."

"என்னப்பா சொல்றீங்க?"

"பதில் சொல்றா. ஈகலும்னு சொல்றா. எங்காதுல வுழுந்துச்சி."

மிஷின் இரைச்சலாக இருக்கும், புதிதில் எதையாவது கேட்கும் என்று சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மனைவியின் குரல் கேட்டது ஒரு மனிதருக்குச் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். இரண்டு நாளில் தெரிந்தது, அவர் உருகிக்கொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை. மோட்சத்துக்குப் போகும் முன் ஆன்மாக்கள் சுத்தமாவதற்காகக் காத்திருக்கும் இடத்தைப் பழைய ஆட்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்கள். அம்மா அங்கேகூடப் போய்ச் சேரவில்லை, இந்த வீட்டுக்குள்ளேயே நிற்கிறாள் என்பது அப்பாவின் முடிவு. அதற்குக் காரணமும் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"அவ சொல்ல வேண்டிய பாதி பாக்கி நின்னுபோச்சி பாப்பா. நான் தூங்கறான்னு நெனச்சி அடுத்த மணிக்குப் போயிட்டேன். அவ அந்தப் பாதியிலயே நின்னுட்டா. நித்தமும் சொல்லிச் சொல்லிப் பாக்கறா, முடியல."

இப்படியெல்லாம் எந்த மறைக்கல்வியிலும் இல்லை என்று சண்டை போட்டேன். மரித்தவர் ஆன்மா முடியாத வாக்கியத்தில் மாட்டிக்கொள்ளுமா என்று கேலிகூடச் செய்தேன். அவர் அம்மா சாய்ந்திருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பா தன் மனைவியை அந்தரத்தில் நிறுத்தியவன் என்ற நினைப்போடு சாகப்போகிறார் என்பது எனக்கு அப்போது உறைத்தது. டாக்டர் வேறு நாள் குறிக்காமல் நாள் குறித்திருந்தார். பயமாக இருந்தது. அதைவிட, சாயங்காலம் நெருங்கும்போதெல்லாம் அந்த வீட்டில் எனக்கே சுவர்ப்பக்கம் முதுகு காட்ட முடியவில்லை என்பதுதான் பெரிய வெட்கம்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அப்பா மாலை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் பின்கட்டில் துணி எடுக்கப் போனேன். வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஆள் உயரச் சுவர். அந்தப் பக்கம் புளி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொட்டை நீக்குவதற்காகக் கட்டையால் டொக் டொக் என்று தட்டுவார்கள், எங்கள் பக்கம் கோடையில் எல்லா வீட்டிலும் கேட்கிற சத்தம்தான். உள்ளே அப்பா முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். புளி தட்டும் சத்தமும் நின்றது.

"தூய மரியே" என்றது ஒரு பெண்குரல்.

அம்மாவின் குரல் இல்லை. ஆனால் சொல்லிய விதம் அம்மாதான். அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு, அதே அவசரம். "ஈகலும்" என்று வந்தபோது நான் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பின்பாதி முடிந்தது. டொக் டொக் தொடர்ந்தது.

அந்தப் பக்கம் இருப்பவர் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பக்கத்து வீட்டுக்காரர். அப்பாவை அண்ணன் என்பார், அம்மாவை அண்ணி என்பார், எனக்கு அத்தை. எங்களைவிடப் பெரிய காடு, பெரிய வீடு, பெரிய குடும்பம். ஆடிக்கு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர், வருடம் தவறாமல் தீர்த்தமலைக்குப் போய்த் தீர்த்தமாடி வருகிறவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. சுற்றிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவரே எழுந்துவிட்டார்.

"அத்த, நீங்களா சொல்றது?"

திருடும்போது பிடிபட்டவர்போல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "உனக்குக் கேட்டுருச்சா கண்ணு? மெதுவாத்தானே சொன்னேன்."

"எப்ப இருந்து?"

"அண்ணி போனதுல இருந்தேதான். அண்ணன் பாட்டுக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாரு. இந்தண்ட உக்காந்திருக்கற எனக்கு என்னமோ மாதிரி இருக்கும். கதவப் பாதி தொறந்து வெச்ச மாதிரி. அண்ணி சொல்லிச் சொல்லிக் கேட்டது வாயிலயே இருந்துச்சா, ஒரு நா பாட்டுக்கு நானே சொல்லிப்புட்டேன். அண்ணனுக்குத்தான் காது கேக்காதே, யாருக்கு என்ன தொந்தரவுன்னு இருந்துட்டேன்."

"ஈகலும்னா என்னன்னு தெரியுமா அத்த?"

"உங்க சாமி பேரு எதுனா இருக்கும்னு நெனச்சேன். இல்லியா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காது மிஷினையும், அப்பா படும் பாட்டையும் சொன்னேன். அத்தைக்கு முகம் வெளுத்தது. அம்மாவை அந்தரத்தில் நிறுத்தியது தானா என்பதுபோல் தன் வாயைப் பொத்திக்கொண்டார். புளிக் கட்டையைப் பார்த்தபடி கேட்டார்.

"நாங்க சொல்லக் கூடாதா கண்ணு?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. கும்பிடக் கும்பல் எதற்கு என்று கேட்டவள் நான். அந்தக் கணக்குப்படி அத்தை சொன்னால் போதும், யார் சொன்னாலும் போதும். அப்படியென்றால் எனக்கு ஏன் உடனே "தாராளமாகச் சொல்லுங்கள்" என்று சொல்ல வாய் வரவில்லை? அந்தப் பாதி எங்கள் வீட்டுச் சொத்து என்று எனக்குள் எதுவோ முண்டியது. நான் தொடாமல் போட்டுவைத்த சொத்து. அதை வேறொருவர் எடுத்துத் துடைத்துப் புழங்கியதும் உரிமை கொண்டாட வந்துவிட்டேன். என் மேலேயே எரிச்சல் வந்தது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நடமாட முடியாதவர்களுக்கு நற்கருணை அப்பம் கொடுக்கச் சாமியார் பைக்கில் வந்தார். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். அப்பா அவரிடம் அம்மாவுக்காகப் பூசை வைக்கச் சொன்னார், மாதா மாதம் வைக்கச் சொன்னார். சாமியார் கிளம்பும்போது வாசல்வரை போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தம்மாவ நிறுத்தச் சொல்லிடாதீங்க டீச்சர்," என்றார் முதலில்.

"அப்ப எங்கப்பாகிட்ட என்ன சொல்றது?"

"உண்மைய."

"பக்கத்து வூட்டுக்காரங்கன்னு சொன்னா, அம்மா கொரலயும் அவருகிட்ட இருந்து புடுங்கின மாதிரி ஆயிடும் சாமி. சொல்லலன்னா அம்மா நிக்கறான்னு நெனச்சே செத்துப்போவாரு."

மாட்டப்போன ஹெல்மெட்டைக் கையில் இறக்கிக்கொண்டார். "நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லலாமில்லைங்களா?"

"நான்தான் கோயில்ல இல்லையே."

"நீங்க வரலைங்கறது எனக்குத் தெரியும். இல்லைன்னு யாரு சொன்னாங்க? ஞானஸ்நானத்த அழிக்கறதுக்கு எங்கிட்ட ரப்பர் கெடையாதுங்க டீச்சர்."

வகுப்பறையில் என்னை மடக்குகிற மாணவனைப் பார்த்தால் வருகிற கோபம் வந்தது. அவர் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். நம்பாமல் ஜெபம் சொல்வது பொய். பொய்க்காகத்தான் நான் அந்த இடத்தை விட்டே வந்தேன். மாதாவைச் சுமந்துகொண்டு சட்டையைக் கிழித்தார்களே, அந்தப் பொய். இப்போது அதே வாயால் நான் எப்படிச் சொல்வது? அன்று பகல் முழுக்க இதே சுழற்சி. மத்தியானம் அப்பா இரண்டு வாய் சோற்றோடு தட்டை நகர்த்திவிட்டார்.

சாயங்காலம் கோயில் மணி அடித்தது. அப்பா மாலையை எடுத்தார். நான் போய் அம்மா சாய்ந்திருந்த இடத்தில், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே தொடங்கினார். முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். பின்பக்கம் புளி தட்டும் சத்தம் நின்றது. அத்தை வாயைத் திறக்கும் முன் நான் திறந்துவிட்டேன்.

"தூய மரியே," என்றேன். பல வருடம் பூட்டிக் கிடந்த சொற்கள் தடுக்காமல் வந்தன. சிஸ்டர் கொட்டித் திருத்திய வாய். சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அந்த இடம் வந்ததும் "ஈகலும்" என்று வந்தது.

அப்பாவின் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப இத்தினி நாளா சொன்னது நீதானா பாப்பா?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பொய் சொல்லப் பிடிக்காமல் கோயிலை விட்டவள், அன்று கோயிலுக்குத் திரும்பியது ஒரு பொய்யோடு.

"ஆமாம்பா. நான்தான்."

"திருட்டுப் பொட்டச்சி!" என்றார். அப்படியே முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "அப்ப அவ போய்ட்டா. என்னைய வுட்டுட்டு எப்பவோ போய்ச் சேந்துட்டா. நான் பைத்தியக்காரன், செவுத்தப் பாத்துக்கிட்டு கெடந்தேன்." அன்று ராகிக் களியை வழித்துச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மறுநாள் அத்தையிடம் போய் நின்றேன்.

"கேட்டேன் கண்ணு," என்றார் அவரே. "நல்ல காரியம் பண்ணுன. இனிமே நீ சொல்லு, அதான் மொற. நான் ஆள் இல்லாதப்ப காவலுக்கு நின்னவதானே." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்கவில்லை. அந்த அமைதிக்கும் ஓர் அளவு இருந்தது. அப்பா நிறுத்தும்போதெல்லாம் புளி தட்டுவதும் நிற்கும். நான் சொல்லி முடித்ததும் தொடரும்.

பள்ளி திறந்து நான் நல்லம்பள்ளிக்குத் திரும்பியபோது அத்தைதான் வழி சொன்னார். சாயங்காலம் அவர் வந்து அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொள்வார். அப்பா அங்கிருந்து முன்பாதி சொல்வார், நான் இங்கிருந்து பின்பாதி. சிக்னல் இழுக்கும், என் பதில் சுணங்கிப் போய்ச் சேரும். அப்பா பொறுமையாகக் காத்திருப்பார். காத்திருப்பதில்தான் அவருக்கு அனுபவம் இருந்ததே. அந்த நேரத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொள்வது எனக்குக் கேட்கும். ஒவ்வொரு பின்பாதியும் ஒரு வயதான மனிதருக்கு ஒரு மூச்சு. இதற்காகவாவது ஓர் ஆள் வேண்டும், ஆள் என்றால் முறை வேண்டும், முறை என்றால் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் போனில் கற்றுக்கொண்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகிறேன். கடைசி பெஞ்சில் உட்கார்கிறேன். தேர் சண்டை இன்னும் தீரவில்லை, எனக்குக் கோபமும் தீரவில்லை. நம்புகிறேனா என்று கேட்டால் சில நாள் ஆமாம், பல நாள் தெரியாது. ஆனால் பின்பாதி மட்டும் தெரிந்தவள் தனியாக வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வாள்? சாயங்காலம் மணி அடித்ததும் என் வாய் யாரோ தொடங்குவதற்காகத் தயாராகிவிடுகிறது. சமையலறையில் இப்போது யாரும் தொடங்குவதில்லை. அந்த அமைதியில் அடுப்படியில் நிற்க முடியாமல் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அம்மா நிஜமாகவே போய்விட்டாளா என்பதும் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் சொன்னது பொய்தானே.

அப்பா அதே வருடம் ஐப்பசி மழையில் போனார். அன்றும் அத்தை போனைப் பிடித்திருந்தார். அப்பாவின் குரல் கம்மியாக வந்தது. முன்பாதியை முடித்தார், நான் பதில் சொன்னேன். அடுத்தது தொடங்கவில்லை. சிக்னல் போய்விட்டது என்று திரையைப் பார்த்தேன். இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டது. மூச்சு கேட்கவில்லை. அப்பா என்று கூப்பிட வாயெடுத்தேன். ஜெபத்தின் நடுவில் பேசக் கூடாது என்பது வீட்டுப் பழக்கம். காத்திருந்தேன். அம்மாவுக்காக அவர் எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் போனில் அத்தையின் குரல் வந்தது. "கண்ணு" என்று கூப்பிடவில்லை. "அண்ணன் போயிட்டாரு" என்று சொல்லவில்லை. அப்பா சொல்கிற முன்பாதியைச் சொன்னார். அதையும் இத்தனை வருடம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டு வைத்திருந்தார்; நடுவில் அப்பா செருமுகிற இடத்தில் ஒரு நொடி விட்டுத் தொடர்ந்தார். பாதி வந்ததும், முறைப்படி, நிறுத்தினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. என் அப்பா ஒரு பாதியில் நின்றுவிடக் கூடாது என்று அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மற்றதை நான்தான் சொல்ல வேண்டும், வேறு ஆள் இல்லை.

"தூய மரியே," என்றேன். "ஈகலும்" என்றேன். இப்பொழுது வேறு, இறப்பின் வேளை வேறு என்றுதான் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அந்த இரண்டும் ஒரே நேரமாக இருந்தன. குரல் உடையாமல் கடைசிவரை சொன்னேன்.

அந்தப் பக்கம் அத்தை "ஆமென்" என்றார். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார்.